பில்டர் போட்ட ஒப்பந்தங்கள்: எதை முறிப்பது, எதைப் பேசி மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாகக் கட்டிய கொண்டோ ஒன்றின், அதாவது வீடு வீடாக விற்கப்படும் அடுக்குமாடி ஒன்றின், பணிப்பாளர் சபைக்கு நீங்கள் தெரிவாகியிருந்தால், பில்டர் போட்டுவைத்த ஒப்பந்தங்களை முறிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஓராண்டில் காலாவதியாகிவிடும். ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் எத்தனையோ தமிழர்கள் இப்போது இத்தகைய சபைகளில் இருக்கிறார்கள். தெரிவான முதல் சில மாதங்கள் லொபியின் சோபாவுக்கும் பார்சல் அறைச் சண்டைக்கும் போய்விடுகின்றன. ஒப்பந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

இந்த அதிகாரம் ஏன் தேவைப்படுகிறது என்பது எளிது. வீடுகளில் பெரும்பான்மை பில்டரின் பெயரில் இருக்கும் வரை, கொண்டோ நிறுவனத்தை, அதாவது உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த சட்ட அமைப்பை, நடத்துவது அவர் நியமித்த சபைதான். முகாமை நிறுவனம், துப்புரவு, காவல், லிஃப்ட் பராமரிப்பு, மின்மானி, ஸ்னோ அள்ளுதல் என எல்லாவற்றுக்கும் அந்தச் சபை கையெழுத்திட்டிருக்கும். பெரும்பான்மை கைமாறியதும் 21 நாள்களுக்குள் கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க வேண்டும், அழைப்பிலிருந்து இன்னும் 21 நாள்களுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். அதுதான் டேர்ன்ஓவர் கூட்டம், அதாவது கையளிப்புக் கூட்டம். உரிமையாளர்கள் தங்கள் சபையைத் தெரிவுசெய்கிறார்கள், பில்டர் ஒப்பந்தப் பிரதிகளையும் மற்ற ஆவணங்களையும் ஒப்படைக்கிறார். அன்றிலிருந்து பணம் கட்டுபவர்களும் முடிவெடுப்பவர்களும் ஒரே தரப்பு. ஒப்பந்தங்கள் மட்டும் பழைய தரப்பு போட்டவை.

1998ஆம் ஆண்டின் ஒன்ராறியோ கொண்டோமினியம் சட்டம் இதற்கு 111, 112, 113 ஆகிய பிரிவுகளில் மூன்று வெவ்வேறு கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. (114ஆம் பிரிவு காப்புறுதி அறக்கட்டளை ஒப்பந்தங்களைப் பற்றியது. பெரும்பாலான சபைகளுக்கு அதன் பக்கம் போகவே வேண்டியிருக்காது.)

111: கையளிப்புக் கூட்டத்துக்கு முன் போடப்பட்ட முகாமை ஒப்பந்தத்தைச் சபையின் தீர்மானத்தால் முறிக்கலாம். 60 நாள் எழுத்து அறிவித்தல் போதும். ஓராண்டு வரம்பு இதற்கு இல்லை.

112: தொடர்ச்சியாகப் பொருளோ சேவையோ வழங்கும் ஒப்பந்தம், இலாப நோக்கில் வசதிகளை வழங்கும் ஒப்பந்தம், பொதுப் பகுதிகளை வணிகத்துக்கு வாடகைக்கு விட்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். புதிய சபை தெரிவாகி 12 மாதங்களுக்குள் தீர்மானம் போட வேண்டும். அறிவித்தல் இதற்கும் 60 நாள்.

113: அயல் கட்டடத்துடனோ கீழ்த்தளக் கடைகளுடனோ வசதிகளையும் செலவையும் பகிரும் ஒப்பந்தம். இதைச் சபை தானாக முறிக்க முடியாது. 12 மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காவலாக நிற்பது 176ஆம் பிரிவு. எந்த ஒப்பந்தம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டமே செல்லும் என்கிறது அது. அதன் அருமை ஒப்பந்தத்தைப் படிக்கும்போதுதான் புரியும். வழக்கமான முறிவுப் பிரிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்: காலம் ஐந்தாண்டு. முடிவதற்கு 120 நாள்களுக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் தானாகவே இன்னுமோர் ஐந்தாண்டு நீடிக்கும். நிறுவனம் பாரதூரமாகத் தவறினால் மட்டுமே இடையில் முறிக்கலாம், அதுவும் தவறைத் திருத்த அவகாசம் கொடுத்த பிறகு. இதைப் படித்துவிட்டுப் பல சபைகள் கையை விரித்துவிடுகின்றன. விரிக்கத் தேவையில்லை. கூட்டத்துக்கு முன் போட்ட ஒப்பந்தம், 112 சொல்லும் வகைக்குள் அடங்குகிறது, 12 மாதமும் கடக்கவில்லை என்றால், காரணமே சொல்லாமல் முறிக்கலாம். நிறுவனம் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்பது கூடத் தடையில்லை.

இனி ஒவ்வொன்றாக.

முகாமை நிறுவனம்

இதில்தான் தயக்கம் அதிகம், காசு நட்டமும் அதிகம். சபைக்கு முன்னால் நான்கு வழிகள்: அப்படியே விடுவது, அதே நிறுவனத்தில் ஆளை மட்டும் மாற்றச் சொல்வது, அதே நிறுவனத்துடன் புதிய நிபந்தனைகளில் ஒப்பந்தம் போடுவது, முறித்துவிட்டு வேறு நிறுவனத்தைக் கொண்டுவருவது.

விட்டுவிடுவோம் என்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டடத்தின் குழாய் எங்கே ஓடுகிறது, எந்தக் கதவுச் சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். புதியவர் வந்தால் ஆறு மாதம் தடுமாறுவார். உண்மைதான். ஆனால் முதலாண்டில் ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. கட்டடம் கொண்டோவாகச் சட்டப்படி பதிவான திகதியிலிருந்து ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில், பொதுப் பகுதிகளின் குறைகளைப் பொறியியலாளரைக் கொண்டு ஆராய வேண்டும். அந்த அறிக்கை பதினோராம் மாதம் முடிவதற்குள், புதிய வீடுகளின் உத்தரவாதத்தைக் கவனிக்கும் அமைப்பான டாரியனுக்குப் போக வேண்டும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் நீர் கசிகிறது, பால்கனிச் சரிவு தவறு, விசிறி அதிர்கிறது என்று அத்தனையையும் பில்டருக்கு எதிராகப் பட்டியலிடும் வேலை அது. அடுத்த கட்டடத்தின் முகாமை வேலையையும் இதே பில்டரிடமிருந்து எதிர்பார்க்கும் ஒரு நிறுவனம் அந்தப் பட்டியலை எவ்வளவு வேகத்தோடு துரத்தும்? யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. நேர்மையான முகாமையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நேர்மையைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் நாம் ஏன் கட்டடத்தின் உத்தரவாதத்தை வைக்க வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை இது. பில்டரோடு முகாமை நிறுவனத்துக்கு வேறு கட்டடங்களிலும் தொடர்பு இருந்தால் முறிப்பது நல்லது, அதையும் அந்த ஆய்வுக்கு முன்பே செய்வது நல்லது. தொடர்பு இல்லை, குறை ஆளில் மட்டும்தான் என்றால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். பல இடங்களில் சிக்கல் நிறுவனத்தில் இல்லை, ஒரே நேரத்தில் மூன்று கட்டடங்களைத் தலையில் கட்டிவிட்ட ஒரு முகாமையாளரில் இருக்கிறது. எந்த வழியானாலும் பொறியியலாளரைச் சபையே தேட வேண்டும்.

மூன்றாம் வழியில், அதாவது அதே நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் போடும் வழியில், ஒரு பொறி இருக்கிறது. புதிய சபை கையெழுத்திட்ட கணமே அது பில்டரின் ஒப்பந்தமாக இருப்பது நின்றுவிடுகிறது. 111 அதற்குப் பொருந்தாது. எனவே 60 நாள் அறிவித்தலில் காரணமின்றி முறிக்கலாம் என்ற வாசகத்தைப் புதிய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அதை எழுத மறுக்கும் நிறுவனம் தன்னைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிட்டது.

முறிப்பதானால் அந்த 60 நாளும் வேலை மந்தமாகும் என்று எதிர்பாருங்கள். வங்கிக் கணக்கில் கையொப்ப அதிகாரத்தை முதல் நாளே சரிசெய்யுங்கள். ஆவணங்களை ஒப்படைப்பது உரிமம் பெற்ற நிறுவனத்தின் சட்டக் கடமை. 2017 நவம்பர் முதல் முகாமையாளர்களும் நிறுவனங்களும் உரிமம் பெறாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது, முறைப்பாட்டுக்கு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இருக்கிறது. இடையில் யாராவது வீட்டை விற்றால், கொண்டோவின் நிதி நிலையையும் சட்ட நிலையையும் காட்டும் நிலைச் சான்றிதழைக் கேட்பார்கள். விண்ணப்பமும் கட்டணமும் கிடைத்துப் பத்து நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். முகாமையாளர் மாறுகிறார் என்பதை வாங்குபவரின் சட்டத்தரணி ஒரு சாக்காக ஏற்கமாட்டார்.

துப்புரவு, காவல், ஸ்னோ

இங்கே முறிப்பதை விட, முறிக்க முடியும் என்று காட்டுவதே பயன் தரும். மூன்று விலைமனுக்களைக் கேளுங்கள், நடப்பு நிறுவனத்திடமும் கேளுங்கள். விலை குறையும், அல்லது வேலை நேரம் கூடும்.

கணக்கைப் பாருங்கள். முன்மேசையில் இரவு பகலாக ஆள் இருக்கும் கட்டடம் என்றால் ஆண்டுக்கு 8,760 மணிநேரம். மணிக்கு ஒரே ஒரு டொலர் கூடுதலாகக் கட்டினால், 13 வீத எச்எஸ்டி வரியோடு ஏறக்குறைய 9,900 டொலர். 240 வீடுகள் உள்ள கட்டடத்தில் சராசரியாக வீட்டுக்கு 41 டொலர். சிறிய தொகை என்று தோன்றும். ஐந்தாண்டுக்கு அது ஐம்பதாயிரம் டொலர் அளவில் வந்து நிற்கும், அதுவும் ஒரு டொலர் வித்தியாசத்துக்கு மட்டும்.

இரண்டாம் ஆண்டு விலையைக் கட்டாயம் பாருங்கள். முதலாண்டுப் பொதுச் செலவு பில்டர் காட்டிய வரவுசெலவுத் திட்டத்தைத் தாண்டினால், 75ஆம் பிரிவின்படி குறையைக் கட்ட வேண்டியவர் பில்டர். ஆகவே முதலாண்டில் விலை தாழ்வாகவும் பிறகு செங்குத்தாகவும் ஏறும் ஒப்பந்தம் யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. அதே பிரிவை மனதில் வைத்து, முதலாண்டு முடியும் முன் சபை தன் விருப்பில் செலவைக் கூட்டும்போது கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் தன் கணக்கில் வராது என்று பில்டர் மல்லுக்கு நிற்பார்.

நம்மவர்களிடையே இந்தக் கட்டத்தில் தவறாமல் ஒரு குரல் எழும்: “எனக்குத் தெரிந்த ஒருவர் துப்புரவு கொம்பனி நடத்துகிறார், மலிவாகச் செய்து தருவார்.” செய்யட்டும், ஆனால் மற்ற இருவரைப் போல மூடிய உறையில் விலைமனு போட்டு வரட்டும். சொன்ன பணிப்பாளருக்கு அதில் நலன் எதுவும் இருந்தால் 40ஆம் பிரிவின்படி எழுத்தில் வெளிப்படுத்திவிட்டு வாக்களிக்காமல் விலக வேண்டும். பில்டர் தன் ஆளுக்குக் கொடுத்தார் என்று முறித்துவிட்டு நாம் நம் ஆளுக்குக் கொடுத்தால், பேயை ஓட்டிவிட்டுப் பிசாசைக் குடிவைத்த கதைதான்.

லிஃப்ட்

பெரும்பாலும் லிஃப்டைப் பொருத்திய நிறுவனமே பராமரிப்பு ஒப்பந்தத்தையும் வைத்திருக்கும். முறித்தால் வேறு நிறுவனம் வரும், சட்டப்படி தகுதியுள்ளதாகவும் இருக்கும். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளைத் திறக்கும் கருவி பொருத்தியவரிடம் மட்டுமே இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். அப்படி இருந்தால், நடு இரவில் இருபத்திரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றுபோகும்போது புதிய நிறுவனம் பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது பராமரிப்பை வேறொருவரிடம் கொடுத்தால், பழுதுக்கு இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். எனவே முறிக்காதீர்கள், பேசுங்கள். ஆண்டு விலையேற்றத்துக்கு உச்சவரம்பு, தானாக நீடிப்பதை நீக்குவது, அழைப்புக்கு எத்தனை மணிநேரத்தில் வருவார்கள் என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கப் பாருங்கள். பேச்சுவார்த்தை நடப்பது 12 மாதம் முடிவதற்கு முன்பாக இருக்க வேண்டும். பதின்மூன்றாம் மாதத்தில் உங்கள் கையில் எதுவும் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மின்மானியும் வாடகைக் கருவிகளும்

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் இனம் இது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்மானி பொருத்தும் நிறுவனம் பில்டரிடம் கருவிக்குக் காசு வாங்காமல், அல்லது குறைவாக வாங்கிப் பொருத்தும். பிறகு பத்தாண்டு, அதற்கு மேலும் ஓடும் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு வீட்டின் மாதப் பற்றுச்சீட்டிலும் நிர்வாகக் கட்டணம் என்று சேர்த்து எடுத்துக்கொள்ளும். பில்டருக்குக் கட்டடச் செலவில் மிச்சம், நிறுவனத்துக்கு நீண்டகால வரவு. இடையில் கட்டுபவர் குடியிருப்பவர். கொண்டோவின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்தத் தொகை வரவே வராது, ஆகவே சபையின் கண்ணிலும் படாது.

தொடர்ச்சியான சேவை என்பதால் 112இன்கீழ் முறிக்க வழி இருக்கிறது. சட்டம் மறிக்காத இடத்தில் கருவி மறிக்கும். மானிகள் அவர்களுடையவை என்று ஒப்பந்தம் சொன்னால் கழற்றுவோம் என்பார்கள், அல்லது விலை சொல்வார்கள். முறிவுக் கட்டணம் என்று தனியாக ஒன்று எழுதப்பட்டிருந்தால் 176ஆம் பிரிவை வைத்து மறுத்துப் பார்க்கலாம். அவர்களுடைய பொருளுக்கு விலை கேட்பதை அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது. இங்கே ஒப்பிட வேண்டியது மூன்று எண்கள்: மானிகளை வாங்கும் விலை, இப்போது வீடு ஒன்று மாதம் கட்டும் நிர்வாகக் கட்டணம், போட்டி நிறுவனம் கேட்கும் கட்டணம். மானிகளின் விலையைப் போட்டி நிறுவனமே ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால், அதை எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் உங்களிடமிருந்து திருப்பி எடுக்கப்போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்ராறியோ எரிசக்தி சபையின் உரிமம் உள்ள நிறுவனங்களை மட்டுமே இதற்கு அழைக்க வேண்டும். கணக்கு சாதகமாக வந்தால் முறியுங்கள். வராவிட்டால் கட்டணக் குறைப்புக்குப் பேசுங்கள். சட்டத்தரணியின் செலவுக்குப் பெறுமதியான ஒப்பந்தம் ஒன்று இந்தக் கோப்பில் இருக்கிறதென்றால் அது இதுதான்.

வீட்டுக்குள் இருக்கும் வெப்பமூட்டும் கருவியை வாடகைக்கு எடுத்திருக்கும் ஒப்பந்தம் வேறு. வீடு வாங்கும்போது உரிமையாளரே அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால் கொண்டோ நிறுவனம் அதில் தரப்பே அல்ல. சபையிடம் வந்து சண்டை போடுபவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். இணையம், கேபிள் போன்ற தொலைத்தொடர்பு ஒப்பந்தங்களுக்கும் சட்டத்தில் 22ஆம் பிரிவு தனியாக இருப்பதால் அவற்றை 112 என்ற ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது.

பகிர்ந்த வசதிகள்

இரட்டைக் கோபுரம், நடுவில் நீச்சல் குளம், கீழே கடைகள், பொதுவான வாகன வழி என்றால் செலவுப் பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்று நிச்சயம் இருக்கும். கடைகள் பில்டரின் கையிலேயே இருந்து, குப்பை அகற்றும் செலவில் அவற்றின் பங்கு சந்தேகத்துக்கிடமாகச் சிறியதாக இருக்கும்போதுதான் சபைக்குக் கோபம் வரும். ஆனால் 113இன் வாசல் குறுகலானது. நீதிமன்றம் ஒப்பந்தத்தை மாற்றவோ முறிக்கவோ வேண்டுமானால் இரண்டு விடயங்களும் நிரூபணமாக வேண்டும். வீடு விற்கும்போது கொடுத்த வெளிப்படுத்தல் ஆவணம் அந்த விதிகளைத் தெளிவாகவும் போதுமான அளவிலும் சொல்லவில்லை என்பது ஒன்று. விளைவு கொடுமையானது, மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவு பாதகமானது என்பது இன்னொன்று. பங்கீடு அநியாயம், ஆனால் அந்தத் தடித்த ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே முதலில் அந்த ஆவணத்தைத் தேடி எடுங்கள். எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில் பிரிக்கப்படாமலே கிடக்கும்.

யார் முடிவெடுப்பது?

ஒன்ராறியோவில் இதற்கு உரிமையாளர்களின் வாக்கெடுப்பு தேவையில்லை, சபையின் தீர்மானம் போதும். அமெரிக்காவில் நிலைமை வேறு. புளோரிடாவில் 1960களிலும் 70களிலும் பில்டர்கள் நீச்சல் குளத்தையும் கிளப் மண்டபத்தையும் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, 99 ஆண்டுக் குத்தகைக்கு உரிமையாளர்கள் தலையில் கட்டினார்கள். விலைவாசிச் சுட்டெண்ணோடு வாடகையும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் வழக்கு மேல் வழக்காகப் போட்டு அலைந்தார்கள். 1980இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பில்டர் தனக்கும் தன் ஆள்களுக்கும் போட்டுக்கொண்ட, மூன்றாண்டுக்கு மேற்பட்ட பராமரிப்பு மற்றும் முகாமை ஒப்பந்தங்களை அபராதமின்றி முறிக்க இரண்டாண்டு அவகாசம் கொடுத்தது. ஆனால் பில்டருடையவை தவிர்ந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் வாக்கு வேண்டும். புளோரிடாவின் சொந்தச் சட்டம் 75 வீதம் கேட்கிறது. பாதி வீடுகள் முதலீட்டாளர்களின் கையில் இருக்கும் ஒரு ரொறன்ரோ கட்டடத்தில் 75 வீத வாக்கைத் திரட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, சேர்ப்பதற்கே வீடு வீடாகத் தட்டுகிறோம்.

ஒன்ராறியோவின் ஏற்பாடு வேகமானது. பழியும் முழுதாகச் சபையின் தலையில்தான். முகாமையை மாற்றும்போது மட்டும் முன்கூட்டியே ஒரு தகவல் கூட்டம் வைப்பது நல்லது என்பேன். துப்புரவுக் கொம்பனிக்கெல்லாம் ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

திகதிகள்

12 மாதக் கணக்கு கட்டடம் பதிவான நாளிலிருந்து தொடங்குவதில்லை, கையளிப்புக் கூட்டத்தில் புதிய சபை தெரிவான நாளிலிருந்து தொடங்குகிறது. டாரியன் ஆய்வின் கணக்கோ பதிவான நாளிலிருந்து ஓடுகிறது. இரண்டையும் குழப்பாமல் ஒரே தாளில் எழுதிவையுங்கள். தீர்மானம் மட்டும் 12 மாதத்துக்குள் இருந்தால் போதுமா, 60 நாளும் அதற்குள் முடிய வேண்டுமா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிட இடமே வைக்கக் கூடாது. ஒன்பதாம் மாதத்துக்குள் முடிவெடுத்து அறிவித்தலை அனுப்பிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. அறிவித்தலில் முடிவுத் திகதியைக் குறிப்பிட்டு, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தீர்மானத்தைக் கூட்டத்தில்தான் போட வேண்டும். கோரம் உள்ள பணிப்பாளர் கூட்டத்தில் அன்றி வேறு எங்கும் சபை அலுவல் நடத்தக் கூடாது என்கிறது 32ஆம் பிரிவு. தொலைபேசியிலோ காணொளியிலோ கூடலாம். ஆனால் வட்ஸ்அப் குழுவில் ஐந்து பேரும் கட்டைவிரல் தூக்கியது தீர்மானம் ஆகாது. முறிக்கப்பட்ட நிறுவனம் முதலில் கேட்டு வாங்கும் ஆவணம் அந்தக் கூட்டத்தின் அறிக்கையாகத்தான் இருக்கும்.